மூன்றாவது பொருள்

சென்னைக் கோட்டையில் செங்கொடி ஏறவே இல்லை.
சேலத்தில் ஒரே ஒரு வீட்டை மட்டும்
பத்தொன்பது வருஷம் ஆண்டது.
கருப்பூர் போகும் பாதையில்
வெள்ளைக்கல் சுரங்கத்துத் தூசி படிந்த ஓட்டு வீடு.
பரப்பளவு ஒன்றரை அறை.
குடிமக்கள், நானும் இரண்டு பிள்ளைகளும்.

கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. போட்டதில்லை.
எந்த ராத்திரி எந்தத் தோழர் வருவாரோ.
வந்தவர் நேரே அடுப்பங்கரைக்கு வருவார்,
சட்டியைத் திறந்து பார்ப்பார்,
"என்ன தோழர், கறியா?" என்பார்.
அந்தக் கேள்வியில் சிரிப்பு எவ்வளவு
விசாரணை எவ்வளவு என்று பிரித்தெடுக்க
எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

சுவருக்கு அந்தப் பக்கம் சங்க ஆபீஸ்.
சண்டை போட வேண்டுமென்றால்
சுரங்கத்தில் வெடி வைக்கும் நேரம் பார்த்துப் போடுவோம்.
சாயங்காலம் நாலரை.
முதல் வெடிக்கும் கடைசி வெடிக்கும் நடுவில்
சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட வேண்டும்.
பாதி நாள் நான் ஆரம்பிக்கும்போதே
மலை அமைதியாகிவிடும்.

என் மூக்குத்தியைப் பற்றி ஒரு கூட்டம்.
சின்னவனுக்குப் பெயர் வைக்க ஒரு கூட்டம்.
எங்கப்பன் சொன்ன பெயர் இரண்டு ஓட்டில் தோற்றது.
வென்றது ஏதோ பனி பெய்யும் ஊர்ப் பெயர்,
பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் வாத்தியார்
தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டார்.

எழுபத்து நான்கு ஆடியில்
மூன்றாவது பொருள் நான்.

ஒன்று, போனஸ்.
இரண்டு, பேரணிக்கு லாரி வாடகை.
மூன்று, செயலாளர் தோழர் செங்கோடனின் துணைவியார்
குகை மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தது.

எட்டுப் பேர். பாயில் இடமில்லாமல்
இருசப்பன் உரல்மேல் உட்கார்ந்திருந்தார்.
என்னைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு
டீ போட்டது நான்தான்.
சர்க்கரை போதாது என்றார் அர்த்தநாரி.
அது நிகழ்ச்சி நிரலில் இல்லாத விமர்சனம்.

அவரே பேசினார், அவரே மினிட் எழுதினார்.
சாய்வில்லாத நல்ல கையெழுத்து:
"தோழர் செங்கோடன் சுயவிமர்சனம் செய்துகொண்டார்.
தன் குடும்பத்தை வளர்க்கத் தவறியதை ஒப்புக்கொண்டார்."
வளர்க்கத் தவறினாராம்.
நான் என்ன முருங்கையா?

இரண்டு வருஷம் கழித்து, எமர்ஜென்சியில்,
போலீஸ் வந்தது.
அவர்களும் நேரே அடுப்பங்கரைக்கு வந்தார்கள்.
அவர்களும் சட்டியைத் திறந்து பார்த்தார்கள்.
அரிசிப் பானையிலிருந்து மினிட் புத்தகத்தை எடுத்து
எஸ்.ஐ. உரக்கப் படித்தார், மூன்றாவது பொருளில் நிறுத்தினார்.
"ஏம்மா, எங்க எஃப்.ஐ.ஆர். தேவலாம் போல" என்று சிரித்தார்.
புத்தகத்தைக் கொண்டுபோனார்கள். அவரையும்.

எவ்வளவு புரட்டினாலும் அதில் இல்லாதது ஒன்று உண்டு.
அந்த ஆடியில் சின்னவனுக்குப் பதினாலு நாள் காய்ச்சல்.
வண்டி வேடிக்கை பார்க்க ஊரே தெருவில் நின்ற ராத்திரி,
ராமனும் ராவணனும் ஒரே லாரியில் போக,
உள்ளங்கை கொப்பளிக்க நான் சட்டியோடு நடக்க,
துண்டைத் தலையோடு முகத்தோடு சுற்றிக்கொண்டு
பிள்ளையைத் தோளில் போட்டபடி
பின்னால் வந்த ஆள்
வேப்பிலையால் என் முதுகுக்கு விசிறிக்கொண்டே வந்தார்.
சட்டைக் காலரில் வெள்ளைக்கல் தூசி.

என்னைக் காட்டிக்கொடுத்தாரா,
எங்கள் இரண்டு பேருக்குமாக ஒன்றை மட்டும்
கொடுக்காமல் வைத்துக்கொண்டாரா,
ஜெயிலிலிருந்து வந்த பிறகும் நான் கேட்கவில்லை.
வெடிச் சத்தத்திலும் கேட்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.
அடுப்பங்கரை வாசலில்தான் நின்றேன்.
எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.
அவர் மட்டும் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ ஆறுது, என்றேன்.